தண்ணீரை முந்தியவர்கள்

"ஹலோ... ஹலோ... நில்லுங்க! கரையில கயிறு கட்டியிருக்கு...!"

எழில்மொழி கத்தி முடிப்பதற்குள் அந்த சைக்கிள் வந்தேவிட்டது. சைக்கிளா அது? சர்ரென்று ஒரு சத்தம், ஒரு மஞ்சள் பனியன், ஒரு கறுப்புக் கண்ணாடி... அவ்வளவுதான். கயிற்றைக் கண்டதும் ஹேண்டில்பாரை ஒடித்தான். சக்கரம் வழுக்கியது. ஆளும் சைக்கிளுமாகக் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, மதகு ஓரம் தேங்கிக் கிடந்த சகதியில் போய் உட்கார்ந்தான். தெறித்ததில் பாதி எழில்மொழியின் வெளிர்நீலச் சுடிதாரில்.

அடிபட்டுச்சா என்றுதான் எந்தப் பெண்ணும் முதலில் கேட்பாள். இவள் கேட்டது வேறு.

"கண்ணு தெரியலயா உங்களுக்கு? சிவப்புத் துணி கட்டித்தானே வச்சிருக்கோம்?"

"கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்க..." அவன் முழங்கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "பிரேக்குக்குத்தான் தெரியல."

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த சிரிப்பை அப்படியே விழுங்கினாள். நீர்வளத்துறையில் உதவிப் பொறியாளர். செங்கரை வாய்க்காலின் தலைப்பு மதகு அவள் பொறுப்பு. ஒன்பது நாளில் தண்ணீர் திறக்கவேண்டும். மதகுப் பலகைக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த மதகுக் காவலர், லஸ்கர் வீரையன், டீ குடிக்கப் போயிருந்தார். இந்த நேரம் பார்த்து இவன்.

"பெரிய நெடுமாறன்னு நெனப்பு!" என்றாள்.

அவன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "யாருங்க... அவரு?"

"தெரியாதா? ஆலங்கரைக்காரர்தான். வெளிநாட்டு டீம்ல சம்பளத்துக்கு ஓட்டுறாராம். பெல்ஜியத்துல ஜெயிச்சாராம், தாய்லாந்துல ஜெயிச்சாராம்... போன வருஷம் நம்ம தண்ணி ஓட்டத்துக்கு வந்தாரு. முந்தல் எவ்வளவு தெரியுமா? ரெண்டு மணி எட்டு நிமிஷம்! எங்கப்பா செல்லதுரை எண்பத்தொன்பதுல என்ன முந்தல் வச்சாரு? நாலு மணி இருபது. பாதி கூட வரல!"

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, செங்கரை வாய்க்கால் பாயும் ஊர்களில் இந்தக் கணக்கு குழந்தைக்கும் தெரியும். புதுத் தண்ணீருக்காகத் தலைப்பு மதகைத் திறந்ததும் சைக்கிள்கள் கிளம்பும். இருபது கிலோமீட்டர், கரையோடு, கடைமடை ஊரான ஆலங்கரை வரைக்கும். முதலில் போய்ச் சேர்ந்து 'தண்ணி வருது' என்று சொல்கிறவன் வீரன். அவன் வந்து எத்தனை நேரம் கழித்துத் தண்ணீர் வருகிறதோ, அதுதான் அவன் முந்தல். அந்தக் காலத்தில் மதகடியில் ஓட்டத்துக்கென்று நேரம் பார்க்க ஆளில்லை; திறந்த நேரம் அரசாங்கப் பதிவேட்டோடு சரி. ஆலங்கரைக் கடைத்தெருவில் ஒரே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. வழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வருஷம் ஐம்பதாவது ஓட்டம். ஆலங்கரையில் கல் நடப் போகிறார்கள். ஐம்பது வருஷத்தில் பெரிய வீரன் யார்? ஒரே ஒரு பேர். இளவட்டங்கள் நெடுமாறன் என்றார்கள். மற்றவர்கள் செல்லதுரை என்றார்கள். எழில்மொழிக்கு அந்தக் கல் வேண்டும். பிறத்தியார் வயலில் நாற்று நட்டே காலம் போன குடும்பம். அந்த ஊரில் அவர்கள் பேர் எழுதின ஒரு செங்கல் கூடக் கிடையாது.

சொல்லிவைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. ஆனி மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது... கொட்டினால் கொட்டும். இரண்டு பேரும் மதகுக் கொட்டகைக்கு ஓடினார்கள். ஒரு ஆள் நிற்கிற இடம். ஆளுக்குப் பாதி நனைந்துகொண்டு நின்றார்கள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பிறகு கறுப்புக் கண்ணாடியை.

கண்கள்... மழையைப் பார்க்காமல் அவளைப் பார்த்த கண்கள். இமையில் ஒரு துளி சகதி. கண்ணாடி மறைத்திருந்த இடம் மட்டும் வெளுத்து, மீதி முகம் வெயிலில் கறுத்து... இந்த முகத்தை ஆலங்கரை பேனரில் பார்த்திருக்கிறாள். ஐயோ.

"நீங்க... நெடுமாறன்..."

"ஆமாங்க. பாதி கூட வராத நெடுமாறன்."

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஆனாலும் விடுவாளா? "சொன்னது உண்மைதானே? இருபத்திரண்டு கியர் வச்சுக்கிட்டு ரெண்டு மணி எட்டு. எங்கப்பா ஒத்தை கியர், பின்னாடி கேரியர், ஸ்டாண்டு வேற!"

"உங்கப்பா பேரைக் கேட்டுத்தாங்க நான் சைக்கிள்லயே ஏறினேன்." கேலி இல்லாமல் சொன்னான். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அவரோட ஓட்ட நேரம் என்ன?"

"நாலு மணி இருப..."

"அது முந்தல். தண்ணிக்கும் அவருக்கும் உள்ள தூரம். இங்கேருந்து அங்க போக அவருக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு? என்னோடது முப்பத்திரண்டு. அவரோடது?"

எழில்மொழி பி.இ. படித்தவள். நீரோட்ட வேகத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். பிறந்ததிலிருந்து தினம் பெருமையடித்த ஒரு கணக்கில் பாதியைப் பார்க்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

மழை விட்டது. அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அன்று மாலை மதகுப் பதிவேட்டில் மழையளவு எழுதும்போது அவள் கை ஏதோ தப்பு செய்தது. சட்டென்று அடித்துவிட்டு, விதிப்படி பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். வீரையன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

* * *

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு நெடுமாறன் பிரிவு அலுவலகத்துக்கு வந்தான். சட்டை பேன்ட்டில் வேறு ஆள் மாதிரி இருந்தான்.

"பழைய மதகுப் பதிவேடு இருக்குமாங்க? திறந்த நேரம், கடைமடை சேர்ந்த நேரம் ரெண்டும் எழுதுவாங்கன்னு லஸ்கர் அண்ணன் சொன்னாரு..."

அவள் மேஜையைக் காட்டினாள். தூசி தட்டின நான்கு தடிப் புத்தகங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. அவன் சிரித்தான். அவள் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள்.

1989. பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு தலையும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்தன. அவன் மேல் சோப்பு வாசம்... கவனம், கவனம், பொறியாளரம்மா.

திறந்தது காலை ஆறு. கடைமடை சேர்ந்தது பதினொன்று இருபது. அப்பா நாலு மணி இருபது முந்தினார் என்றால் ஆலங்கரையில் நுழைந்தது ஏழு. ஓட்ட நேரம் ஒரு மணி.

"ஒரு மணி நேரமா?" அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

அவன் விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது. குறிப்பு: 'பதினோராம் கிலோமீட்டரில் கரை உடைப்பு. அடைத்து, ஒன்பதரைக்கு மேல் நீர் விடப்பட்டது.'

தண்ணீர் வழியில் நின்றிருக்கிறது. அப்பாவின் பேர் பெற்ற முந்தலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த உடைப்பு கொடுத்தது. இப்போது தலையிலிருந்து கடை வரை சிமென்ட் போட்ட வாய்க்கால். தண்ணீர் பாய்ந்து வருகிறது. நெடுமாறன் எவ்வளவு அழுத்தினாலும் அவன் முந்தல் சின்னதாகத்தான் தெரியும்.

புத்தகத்தைப் படாரென்று மூடினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க," என்றான் அவன் மெதுவாக.

அதுதான் தப்பாகப் போனது.

"நீங்க யாருங்க மறைக்கிறதுக்கு? எங்கப்பாவுக்கு நீங்க பிச்சை போடறீங்களா?"

"நான் அந்த அர்த்தத்துல..."

"எழுந்து போங்க. தயவுசெஞ்சு."

போய்விட்டான். கதவு ஓரம் ஒரு தடவை நின்று திரும்பினான்... அவள் நிமிரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் ஆன பிறகு மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள். அழுகையை விட அவளுக்கு ஆத்திரம்தான் அதிகம். உண்மை என்றால் முழுசாகத் தெரியட்டும். தொண்ணூறு... தொண்ணூற்றொன்று... தொண்ணூற்றிரண்டு.

தொண்ணூற்றிரண்டில் கை நின்றது.

அந்த வருஷம் வீட்டில் யாரும் பேசாத வருஷம். அப்பாவுக்கும் அம்மா அம்சத்துக்கும் வைகாசியில் கல்யாணம். ஆனியில் ஓட்டம். அப்பாதான் முதலில் வந்தார். ஆனால் முந்தல் இரண்டு மணி ஐம்பதுதான். அவர் வைத்ததிலேயே குறைச்சல். 'அம்சம் வந்தா... செல்லதுரை காலு போச்சு' என்று கடைத்தெருவே சிரித்ததாம். அதோடு அவர் ஓட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். அம்மா தண்ணீர் திறக்கிற அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வருவதை விட்டுவிட்டாள்.

பதிவேடு என்ன சொல்கிறது? திறந்தது ஆறு. முதல் நாள் கனமழை, வாய்க்கால் முழுக்க நனைந்து கிடந்தது. தண்ணீர் ஓடோடி வந்து சேர்ந்தது ஒன்பது முப்பத்தேழு. கழித்தாள். மறுபடியும் கழித்தாள்.

நாற்பத்தேழு நிமிஷம்!

* * *

"ரெண்டையும் சொன்னா எண்பத்தொன்பது போயிடும்ப்பா," என்றாள் எழில்மொழி.

செல்லதுரை வாசலில் புல்லுக்கட்டை சைக்கிள் கேரியரிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதே சைக்கிள்தான். அறுபது வயசிலும் தினம் வயலுக்குப் போய்வருகிறது, அவரும் அதுவுமாக.

"போவட்டுமே. எண்பத்தொன்பதுல ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனவன் நானு. எனக்குத் தெரியாதா?" கயிற்றைச் சுருட்டினார். "தொண்ணூத்திரண்டுல பறந்தேன். காலு சொல்லுச்சு. ஆனா ஊரே சிரிக்குது... தண்ணி எங்க பொய் சொல்லப்போவுதுன்னு நானும் நம்பிட்டேன்."

அம்சம் முறத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எழிலு... எத்தனை நிமிஷம்னு சொன்ன?"

"நாப்பத்தேழும்மா. அப்பா ஓட்டினதுலயே அதான் வேகம்."

அம்சம் முறத்தைக் கீழே வைத்தாள். முப்பத்து மூன்று வருஷம். கடைத்தெருவில் அவளைக் கண்டால் சிரித்தவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு கூட இல்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள் பாருங்கள்... எழில்மொழி அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு ஓட்டக் கமிட்டில நீ பேசு. நானும் வரேன்."

மறுநாள் சாயங்காலம் ஆலங்கரைக் கமிட்டியில், முன் வரிசையில் அம்சம் உட்கார்ந்திருக்க, எழில்மொழி பதிவேட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள். உடைப்பையும் படித்தாள். மைக் பிடிக்கிற சலாஹுதீன் பாய்தான் முதலில் பேசினார். அவர் கடைச் சுவரில்தான் அந்தக் கடிகாரம்.

"அப்ப இத்தனை வருஷமா நாம அளந்தது ஆளை இல்ல... தண்ணியை!"

"அப்படின்னா முப்பத்திரண்டுதானே பெரிசு? நெடுமாறன் அண்ணன் பேரை எழுதுங்க!" பின்னாலிருந்து இளவட்டங்கள் கத்தினார்கள்.

நெடுமாறன் எழுந்தான். எழில்மொழி பக்கம் பார்க்கவில்லை.

"என் முப்பத்திரண்டு தார் ரோட்டுல, ஏழு கிலோ சைக்கிள்ல. அவர் ஓட்டினது மண் கரை. அதை நான் ஓட்டிப் பார்க்காம யார் பேரையும் எழுதாதீங்க." செல்லதுரை முன்னால் போய் நின்றான். "ஐயா... உங்க சைக்கிளைத் தருவீங்களா?"

செல்லதுரை அவன் கால்களை மேலும் கீழும் பார்த்தார். "செயினு நடுவுல கழலும். பாத்து மிதிங்க தம்பி."

* * *

தண்ணீர் திறக்கிற நாள், காலை ஆறு மணி. எழில்மொழியும் வீரையனும் மதகுச் சக்கரத்தைச் சுற்ற, தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிளம்பியது. வலது கரைத் தார் ரோட்டில் பதினேழு சைக்கிள்கள் பறந்தன. இடது கரை மண் கரை. அங்கே ஒரே ஒருத்தன். மஞ்சள் பனியன், கேரியர் வைத்த கறுப்பு சைக்கிள்.

வீரையனிடம் மதகை விட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஏறினாள். போகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. இருந்தாலும் போனாள். வலது கரையில் அவள், இடது கரையில் அவன், நடுவே இன்னும் நனையாத வாய்க்கால்.

அவன் எழுந்து நின்று மிதித்தான். பள்ளத்தில் சைக்கிள் குதித்தது. ஆறாம் கிலோமீட்டரில் செயின் கழன்றது... மாட்டினான். கை முழுக்க கிரீஸ். கருவை முள்ளில் பனியன் கை கிழிந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனாலும் அதற்கப்புறம் ஒரு இடத்திலும் காலை ஊன்றாமல்... 'மிதிங்க... மிதிங்க...' யார் சொல்வது? அவள்தான், ஸ்கூட்டிச் சத்தத்துக்குள். அவன் ஜெயித்தால் அப்பா பேர் போகும். அது தெரிந்தும் வாய் அதையேதான் சொன்னது.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவன் வேகம் குறைந்தது. நன்றாகவே குறைந்தது.

ஆலங்கரையில் அவன் நுழைந்தபோது சலாஹுதீன் பாய் ஒலிபெருக்கியில் முழங்கினார். "நாப்பத்தொம்பது நிமிஷம்! செல்லதுரை நாப்பத்தேழு! ரெண்டு நிமிஷம்... ரெண்டே நிமிஷம் பாக்கி!"

பாலம் சுற்றி அந்தக் கரைக்கு வர அவளுக்கு ஆறு நிமிஷம் ஆனது. வாகை மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். செல்லதுரை அவனுக்கு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, கல் எழுதுகிற இடத்துக்குப் போனார்.

ஸ்கூட்டியை நிறுத்தியதும் நேராகக் கேட்டாள். "விட்டுக் கொடுத்தீங்களா?"

அவன் நிமிர்ந்தான்.

"கடைசியில காலு தளந்துச்சு. நான் பார்த்தேன். எனக்காக விட்டுக் கொடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. அந்தக் கல்லை நானே பிடுங்கிப் போட்டுடுவேன். எங்கப்பாவுக்கு யாரோட இரக்கமும் வேணாம்!"

முதல் தடவையாக அவன் கண்ணில் கோபத்தைப் பார்த்தாள். மார்பில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தான். செல்போனைத் திறந்து அவள் கையில் வைத்தான்.

"இதயத் துடிப்பு. கிளம்பின நிமிஷத்துலேருந்து இருக்கு. இன்ஜினியர்தானே... நீங்களே படிங்க."

படித்தாள். கோடு ஏறிக்கொண்டே போனது. கடைசிப் பதினைந்து நிமிஷம் நூற்றெண்பத்தெட்டு, நூற்றெண்பத்தொன்பது... உச்சியைத் தொட்டு இறங்கவே இல்லை. கால் தளர்ந்த அந்த இரண்டு கிலோமீட்டரில் நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"என்கிட்ட இருந்தது அவ்வளவுதாங்க. உங்கப்பா என்னைவிடப் பெரிய ஆள். நான் இதுவரைக்கும் எந்த நாட்டுலயும் இப்படித் தோத்ததில்ல."

"மன்னிச்சுக்குங்க..." என்று போனை நீட்டியவள் நிறுத்தினாள். கோடு அங்கே முடியவில்லை. ஓட்டம் முடிந்ததும் சரிந்து இறங்கி நூற்றிருபதுக்கு வந்திருக்கிறது. பிறகு... திடீரென்று, நெட்டுக்குத்தாக நூற்றறுபத்தைந்து!

"இது என்ன? ஓட்டம் முடிஞ்சு ஆறு நிமிஷம் ஆயிடுச்சே... சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க?"

அவன் எங்கோ பார்த்தான். காது சிவந்திருந்தது.

"அப்பதாங்க... உங்க ஸ்கூட்டி வந்து நின்னுச்சு."

எழில்மொழிக்குக் கையில் போன் கனத்தது. தலை நிமிர முடியவில்லை.

"சகதில விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் அவன். "சொல்லத்தான் பயம். திட்டிடுவீங்களோன்னு. நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறேங்க. வேணாம்னா... இப்பவே சொல்லிடுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கடைத்தெருவில் குலவை எழுந்தது. தண்ணீர் வர இன்னும் நேரமிருக்கிறது... இது வேறு. கல்லில் பெயின்டால் கடைசி எழுத்தையும் எழுதி முடித்துவிட்டார்கள். 'செல்லதுரை. 1992. நாற்பத்தேழு நிமிஷம்.' அம்சம் கல்லருகே நின்று, ஆண்டை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "இது என் வருஷம்," என்று சத்தமாகவே சொன்னாள்.

தூறல் விழுந்தது. வாகை இலைகள் சலசலத்தன. எழில்மொழி மெல்ல நிமிர்ந்தாள். அன்றைக்கு மதகுக் கொட்டகையில் பார்த்த அதே கண்கள். அதே பயம் அவளுக்கும்.

"எங்க ஆபீஸ் பதிவேட்டுல ஒரு தப்பு இருக்கு," என்றாள்.

"என்ன தப்பு?"

"நீங்க விழுந்தீங்களே, அன்னைக்குத் தேதி. குறிப்புங்கற எடத்துல மழை எத்தனை மில்லிமீட்டர்னு எழுதணும். நான்... நெடுமாறன்னு எழுதிட்டேன்."

அவன் தரையிலிருந்து எழுந்துவிட்டான்.

"அடிச்சுட்டேன். ஆனா அடிச்சாலும் படிக்கத் தெரியும். பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கு. அரசாங்கப் புத்தகம்... கிழிக்க முடியாது." அவள் குரல் இறங்கி இறங்கி வந்து, கடைசியில் அவனுக்கு மட்டும் கேட்டது. "முப்பது வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துப் பார்த்தா, அன்னைக்கு என்ன பெஞ்சுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். அதனால... வேணாம்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"